மூன்று டிகிரி குறைந்த தண்ணீர்

தண்ணீர் தோன்றிய நாள் முதலாக அதைக் கொதிக்க வைத்தவர்கள் கோடானுகோடிப் பேர். ஆனால் தண்ணீர்மேல் விசாரணை நடத்தி, தீர்மானம் போட்டு, மூன்று பேர் கையெழுத்துடன் கொதிக்க வைத்த பெருமை உலகத்திலேயே ஒரு நிறுவனத்துக்குத்தான் உண்டு. பெங்களூரில் ஏழு தமிழ்ப் பள்ளிக்கூடங்களை நடத்திவந்த சகலஜன வித்யாபிவிருத்தி சங்கமே அது. ஆண்டு 1958.

சங்கத்தின் ஸ்ரீராம்புரம் பெண்கள் பள்ளிக்கு அந்த ஜூன் மாதம் ஜோசஃபின் சயன்ஸ் டீச்சராக வந்து சேர்ந்தாள். வயது இருபத்து மூன்று. வேலை நிரந்தரமாக ஒரு வருடம் ஆகும். அதுவரை 'தகுதிகாண் பருவம்'. அதாவது, அவளுக்குத் தகுதி உண்டா என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு உண்டா என்று அவள் பார்க்கக் கூடாது. காக்ஸ் டவுன் வீட்டில் அப்பா இல்லை. அம்மாவும் இரண்டு தங்கைகளும் இந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள்.

அந்தப் பள்ளியில் விஞ்ஞானம் மிகவும் பத்திரமாக இருந்தது, ஒரு கண்ணாடி பீரோவுக்குள். சாவி ஹெட்மாஸ்டர் பெருமாள்சாமியிடம். கருவிகள் கெட்டுப்போவதற்கு ஒரே காரணம் அவற்றை உபயோகிப்பதுதான் என்று சொந்த ஆராய்ச்சியில் கண்டுபிடித்தவர் அவர். ஆகவே ஒன்பது வருடமாக ஒன்றுகூடக் கெடவில்லை. வாரம் ஒரு நாள் மாணவிகள் வரிசையில் வந்து பீரோவைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பெயர் 'செய்முறை வகுப்பு'.

ஜோசஃபின் போய்த் தெர்மாமீட்டர் கேட்டாள்.

"எதுக்கு?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"தண்ணி கொதிக்கிறதைக் காட்டணும் சார்."

"அவங்கவங்க வீட்டு அடுப்புல தினம் கொதிக்குதேம்மா. பார்க்காத பிள்ளை யாரு?"

"எத்தனை டிகிரியில கொதிக்குதுன்னு காட்டணும் சார்."

"அதான் புத்தகத்துல நூறுன்னு போட்டிருக்கே. மெட்ராஸ்ல அச்சடிச்ச புத்தகம். நாம சரிபார்த்தா அவங்க என்ன நினைப்பாங்க?"

நான்கு நாள் விடாமல் கேட்டாள். ஐந்தாம் நாள், உடைந்தால் தானே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துத் தெர்மாமீட்டரை வாங்கினாள். வீட்டிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். எட்டாம் வகுப்பின் முப்பத்திரண்டு பெண்களும் சுற்றி நின்றார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாதரசம் ஏறி ஏறித் தொண்ணூற்றேழில் நின்றது. அதற்கு மேல் நகரவில்லை.

கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிறவரின் மகள் முத்தம்மா. எதையும் இரண்டு தரம் பார்க்காமல் நம்ப மாட்டாள். இரண்டு தரம் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் மூணு பாக்கி டீச்சர்" என்றாள்.

"பாக்கி இல்ல. அவ்வளவுதான் வரும். காத்துக்கு எடை இருக்கு. அது தண்ணியை மேலேருந்து அழுத்துது. நம்ம ஊரு கடலைவிட மூவாயிரம் அடி உசரம். அதனால இங்க காத்தோட அழுத்தம் கம்மி. தண்ணி கொஞ்சம் முன்னாடியே கொதிச்சிடும். இதே தண்ணியை மெட்ராஸ்ல வெச்சா நூறு வரும்."

முத்தம்மா சிறிது யோசித்தாள். "மேல பாரம் கம்மின்னா சுலபமா எழுந்துக்கும். அதானே டீச்சர்?"

"அதேதான்."

முப்பத்திரண்டு நோட்டிலும் தொண்ணூற்றேழு என்று ஏறியது. அன்று மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் ஜோசஃபினுக்கு உட்காரத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஆகஸ்டில் சங்கத்து இன்ஸ்பெக்டர் சீனிவாசராகவன் விஜயம் செய்தார். சரித்திரத்தில் பட்டம் வாங்கியவர். ஆகவே ஏற்கெனவே எழுதி முடித்தவற்றில் மட்டுமே நம்பிக்கை உள்ளவர். முதல் வரிசையில் இருந்த முத்தம்மாவை எழுப்பினார்.

"தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?"

"எந்த ஊர்ல சார்?"

"எந்த ஊரா? தண்ணிக்கு ஏதும்மா ஊர்?"

"இங்கன்னா தொண்ணூத்தேழு சார்."

அடுத்தவளைக் கேட்டார். தொண்ணூற்றேழு. கடைசி வரிசை வரைக்கும் தொண்ணூற்றேழு. ஒருத்தி சொன்னால் அது தப்பு. முப்பத்திரண்டு பேரும் சொன்னால் அது சதி. இன்ஸ்பெக்டருக்கு இது உடனே விளங்கியது.

"மொழிவாரியா ராஜ்யம் பிரிச்சு ரெண்டு வருஷம்கூட ஆகலை," என்றார் ஹெட்மாஸ்டர் அறையில். "அதுக்குள்ள மெட்ராஸ் தண்ணி வேற, மைசூர் தண்ணி வேறன்னு குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கறேளா?"

"உசரம் கூடினா அப்படித்தான் ஆகும் சார். வேணும்னா நீங்களே ஒரு தரம் பாருங்க."

"பாக்கறதுக்கு நான் யாரும்மா? அதுக்குக் கமிட்டி இருக்கு."

இருக்கவில்லை, அன்றே போடப்பட்டது. இன்ஸ்பெக்டர் தலைவர். ஹெட்மாஸ்டர் காரியதரிசி. 'தொழில்நுட்ப நிபுணர்' டிரில் மாஸ்டர் டென்சில். ரயில் இஞ்சினில் பதினோரு வருடம் கரி அள்ளிப் போட்டவர். முடிவு தெரியும்வரை ஜோசஃபினின் வேலை நிரந்தரம் 'நிறுத்திவைக்கப்பட்டது'. ஸ்டவ் சாட்சியப் பொருளாகப் பீரோவுக்குள் போயிற்று. அம்மா விறகடுப்பை ஊத வேண்டியதாயிற்று.

கமிட்டி பாரபட்சமில்லாமல் எல்லோரையும் சந்தேகித்தது. முதலில் தெர்மாமீட்டரை. புதிதாக ஒன்று வாங்கினார்கள், அதுவும் தொண்ணூற்றேழு. அடுத்து குழாய்த் தண்ணீரை. ஜீவனஹள்ளிக் கிணற்றிலிருந்து ஒரு குடம் வரவழைத்தார்கள், தொண்ணூற்றேழு. மருந்துக் கடையிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் வந்தது. அதுவும் அதே பிடிவாதம். பிறகு ஸ்டவ்வுக்கு 'ஊக்கம் போதாது' என்று தீர்மானித்துக் கரி அடுப்பை நியமித்தார்கள். பலன் இல்லை.

தவறு நடந்த இடத்திலேயே அதைத் திருத்துவது என்று, கடைசி அமர்வு எட்டாம் வகுப்பில், மாணவிகள் முன்னிலையில் ஏற்பாடாயிற்று. காலையில் டென்சில் வராந்தாவில் ஜோசஃபினை நிறுத்தினார்.

"மிஸ், நான் இஞ்சின்ல நின்னவன். நீங்க சொல்றது கரெக்ட்னு எனக்குத் தெரியும். ஆனா இன்னிக்கும் தொண்ணூத்தேழு வந்தா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நான் நூறுன்னு சொல்ல மாட்டேன் சார்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா நில்லுங்க."

தண்ணீர் கொதித்தது. இன்ஸ்பெக்டர் பாத்திரத்தின் மேல் குனிந்தார். ஆவி பட்டு மூக்குக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது.

"என்ன காட்டறது? ஒண்ணும் தெரியலையே."

"சொல்ப தள்ளி நில்லுங்க சார், சுடும்," என்று கன்னடம் கலந்து சொல்லியபடி டென்சில் முன்னால் வந்தார். குனிந்து பார்த்தார். அட்டென்ஷனில் நிமிர்ந்தார். "பர்ஃபெக்ட் ஹண்ட்ரட், சார்."

முன்வரிசைப் பெண்களுக்குப் பாதரசம் நன்றாகவே தெரிந்தது. முத்தம்மா அதை இரண்டு தரம் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். ஜோசஃபின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் முகம் எத்தனை டிகிரியில் இருந்தது என்பதைக் கமிட்டி அளக்கவில்லை.

'தண்ணீர் தன் போக்கைத் திருத்திக்கொண்டது' என்று அறிக்கை எழுதி மூவரும் கையெழுத்திட்டார்கள். தகுதிகாண் வருடம் முடியுமுன்பே, ஒரே வாரத்தில் வேலை நிரந்தரமாகி, ஸ்டவ்வும் திரும்பி வந்தது. அம்மா மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். ஜோசஃபின் மட்டும் வகுப்பில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேர், தண்டு, இலை என்று டிகிரி இல்லாத பாடங்களாகப் பார்த்து நடத்தி வருடத்தை ஓட்டினாள்.

மார்ச்சில் பரீட்சை வந்தது. கேள்வித்தாள் தயாரித்தது இன்ஸ்பெக்டர். முதல் கேள்வி, ஐந்து மார்க்: 'தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? காரணம் கூறுக.'

விடைத்தாள் கட்டைக் கொடுக்கும்போது ஹெட்மாஸ்டர் சொன்னார்: "நூறு இருந்தா அஞ்சு போடுங்க. இல்லேன்னா சைஃபர். எல்லாத்தையும் இன்ஸ்பெக்டர் ஒரு தரம் பார்ப்பார்."

மத்தியானம், ஆளில்லாத ஆசிரியர் அறையில் ஜோசஃபின் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். தொண்ணூற்றேழு என்று எழுதியிருந்தால் தப்பென்று அடிக்க வேண்டும். நூறு என்று எழுதியிருந்தால் மார்க் போட வேண்டும். இரண்டில் எது கொடுமை என்று அவளுக்குத் தெரியவில்லை. பயந்துகொண்டேதான் முதல் தாளைப் பிரித்தாள். முத்தம்மாவுடையது.

படித்தாள். அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். எழுத்துப் பிழைகள்தான் வேறு வேறு. விஷயம் முப்பத்திரண்டு தாளிலும் ஒன்று. அவள் சிரித்த சிரிப்பில், மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்த டென்சில் திரும்பிப் பார்த்தார்.

ஹெட்மாஸ்டர் உத்தரவை அவள் மீறவில்லை. நூறு இருந்தது. எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டு, கட்டை இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிவைத்தாள். மேலே இருந்த முத்தம்மாவின் தாளில் பதில் இப்படி இருந்தது:

'தண்ணீர் சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும். காரணம், அங்கே காற்றின் அழுத்தம் அதிகம். பெங்களூரில் 97 டிகிரியில் கொதிக்கும். காரணம், இங்கே காற்றின் அழுத்தம் குறைவு. இன்ஸ்பெக்டர் வந்தால் பெங்களூரிலும் 100 டிகிரியில் கொதிக்கும். அந்த அழுத்தம் காற்றினுடையது அல்ல.'