காற்றுக்கு ஒரு துவாரம்

அப்பாவின் அறையில், சந்துப்பக்க ஜன்னலில் போட்ட துவாரத்தில் மறுபடியும் பழைய பனியன் துண்டு. குமாஸ்தாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு மாதம் முன்பு அது மர ஜன்னல். விரல் நுழையும் இடுக்கு. குளிர்காற்று பட்டுத்தான் அப்பா இருமுகிறார் என்று முடிவுகட்டி, அலுமினிய ஜன்னலுக்கு மாற்றினார்.

ஜன்னல்காரர் அப்போதே சொன்னார். "பழைய வீடு சார், இடுக்கு வழியாத்தான் மூச்சு விட்டுக்கிட்டிருக்கு. இறுக்கி அடைச்சா சுவர் வேர்க்கும். மேல காத்துக்கு ஒரு துவாரம் வச்சிடலாமா?"

"காத்து வரக்கூடாதுன்னுதானே மாத்துறேன்! நீங்க ஒண்ணு!"

முதல் வாரம் அப்பா நன்றாகத் தூங்கினார். இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார். குமாஸ்தாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த வாரம் சுவர் வேர்த்தது. கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. இருமல் இரட்டிப்பானது. டாக்டர் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "காத்தோட்டம் இல்லேன்னா மழைக்காலம் தாண்ட மாட்டார்" என்றார்.

துவாரம் போட்டார்கள். அப்பா பனியனை அடைத்தார். வலை அடித்தார்கள். அதன்மேல் செய்தித்தாளை ஒட்டினார். கடைசியில் காற்றை இழுக்கும் விசிறி வைத்தார்கள். அதில் சீப்பைச் செருகினார். மோட்டார் கருகி, அறை முழுக்கப் புகை. அன்றைக்கு இருமியதைப் பார்த்து குமாஸ்தாவே பயந்துபோனார்.

"அப்பா! காத்து வேணும்ப்பா உங்களுக்கு!"

"ஆங்?"

"காத்து! காத்து!"

"சாப்பிட்டாச்சுப்பா."

அப்பாவுக்குக் காது மந்தமாகிப் பத்து வருடம் ஆகிறது. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஜன்னல்காரரை மறுபடி வரவழைத்து அப்பாவின் அறைக்குள் விட்டுவிட்டு, குமாஸ்தாவும் மனைவியும் வழக்கம்போலச் சந்துக்கு வந்தார்கள். என்னதான் மந்தமென்றாலும், பெரியவரைப் பற்றி வீட்டுக்குள் பேசுவதில்லை. அவ்வளவு நாகரிகமான குடும்பம்.

"இன்னும் எத்தனை நாளைக்குங்க இந்தப் பாடு?"

"மழைக்காலம் வரைக்கும்னுதானே டாக்டர் சொல்றார்."

"போன வருஷமும் இப்படித்தான் சொன்னாங்க. உங்க தம்பி வீட்டுல கொண்டு விட்டுடுங்களேன்."

"அவனா? கேட்டேன். நழுவிட்டான். நம்ம தலையிலதான் எழுதியிருக்கு."

ஜன்னல்காரர் கையில் பனியன் துண்டோடு வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சார், பெரியவர் துவாரத்தை எதிர்ச் சுவத்துல வைக்கச் சொல்றாரு. பத்து வருஷமா இந்தச் சந்துல நீங்க பேசுற ஒவ்வொரு வார்த்தையும் உள்ள கேக்குதாம், ஜன்னல் இறுக்கமா இருந்த அந்தக் கொஞ்ச நாள்தான் நிம்மதியாத் தூங்கினாராம்."