சென்னியப்பன் போட்ட தடை மனு

தங்கை தேன்மொழியின் ஸ்கூட்டர் பின்சீட்டில், மஞ்சப்பையை மடியில் வைத்தபடி அப்பா பத்திர எழுத்தர் வீட்டுக்குப் போவதைச் சென்னியப்பன் பார்த்தான். அந்த நொடியில் அவன் வயிற்றில் மூண்ட தீயில் கோபிச்செட்டிப்பாளையம் முழுமைக்கும் கல்யாணச் சமையல் செய்திருக்கலாம்.

அப்பா திரும்பி வந்ததும் வாசலிலேயே மடக்கினான். "ஏனுங்ப்பா, பத்திரக்காரர் வூட்டுல என்ன சோலி?"

"வூட்டைச் செட்டில்மெண்ட் எழுதறேன்" என்றார் நாச்சிமுத்து. "யாருக்குன்னு கேக்காத. பதிவாகற வரைக்கும் வாயத் தொறந்தா கண்ணு பட்டுரும்."

யார் கண்? எதிரே நின்றது இவன் ஒருவன்தான்.

"அவளுக்குத்தான் எழுதறாரு" என்று மனைவி கோகிலாவிடம் பொருமினான். "நான் வெயில்ல நின்னு செங்கல் எறக்குன வூடு அது!"

"நீங்க எறக்குனது நாலு கல்லுங்க. அதுலயும் ஒண்ணக் கால்ல போட்டுக்கிட்டீங்க."

அன்று மத்தியானமே பீரோவிலிருந்த மூலப் பத்திரத்தை எடுத்து அரிசி அண்டாவின் அடியில் புதைத்தான். மூலப் பத்திரம் இல்லாமல் எவன் பதிவான்?

அப்பா அசரவில்லை. பத்திரம் தொலைந்ததாகப் போலீசில் எழுதிக் கொடுத்தார். பேப்பரில் விளம்பரம் போட்டார். நகலுக்கு நடந்தார். எல்லாவற்றுக்கும் கூட்டிப் போனது தேன்மொழி. மாதம் ஒரு தடவை எட்டிப் பார்த்தவள் இப்போது தினம் வந்தாள். போகும்போதும் வரும்போதும் பேக்கரியில் தேங்காய் பன். மூன்றே வாரத்தில் அப்பாவின் கன்னங்களும் பன்னாக உப்பிவிட்டன. சென்னியப்பன் கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்தான். ஒட்டிப்போயிருந்தது.

ஸ்கூட்டர் காற்றைப் பிடுங்கிவிட்டான். மறுநாள் அவள் காரோடு வந்தாள். ஏ.சி. கார்!

"அண்ணா, நீயும் வர்றியா? பின்னால எடம் இருக்குது."

"உன்ற பின்னால வர்றதுக்கு நான் ஸ்டெப்னியா, அம்மிணி?"

மிச்சமிருந்தது ஒரே ஆயுதம். சார்பதிவாளர் ஆபீசில் தடை மனு! தங்கை பேரைப் போட்டால் ஊர் காறித் துப்பும் என்று மனு முழுக்க 'எழுதி வாங்குபவர்' என்றே குறிப்பிட்டான். நாலு பக்கம். பேனாவே கூசிப்போய் இரண்டு இடத்தில் மை கக்கியது.

பதிவு நாளன்று குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி மனுவைப் படித்தார். "மேற்படி எழுதி வாங்குபவர் பேராசை பிடித்தவர். பெற்ற தகப்பனுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுத்ததில்லை. கூடப்பிறந்தவர் நன்றாக இருந்தால் பொறுக்காதவர்..."

டோக்கனோடு காத்திருந்த கூட்டம் மொத்தமும் 'உச்'சுக் கொட்டியது. சென்னியப்பனுக்குப் பட்டமளிப்பு விழாவில் நிற்பதுபோல் இருந்தது.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த நாச்சிமுத்து மெல்ல எழுந்தார். "ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லீங்க. அந்தப் பேரை அடிச்சுப்போடுங்க. வேற பேருல எழுதிக்கறேன்."

"ஐயோ, வேண்டாமுங்ப்பா!" தேன்மொழிக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணா, நீயாச்சும் சொல்லேன்!"

அழு அம்மிணி, நல்லா அழு! சென்னியப்பன் மனசுக்குள் முந்திரி போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கிண்டினான்.

"பேரை அடிக்கறதுல மனு போட்டவருக்குச் சம்மதந்தானுங்களே?" என்றார் குமாஸ்தா.

"பரிபூரண சம்மதமுங்க!"

"அப்ப இங்கொரு கையெழுத்து."

கவர்னர் போடுவதுபோல் நீட்டி முழக்கி, அடியில் இரண்டு கோடும் இழுத்துக் கையெழுத்துப் போட்டான்.

குமாஸ்தா கையெழுத்தைப் பார்த்தார். பத்திரத்தைப் பார்த்தார். பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"முப்பது வருச சர்வீசுல, தன்ற பேரைத் தானே அடிக்கச் சொல்லி மனுப் போட்ட மகராசனை இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்!"