லா நோவியாவுக்கு இன்ஜின் பார்க்கிறார்கள்

"கேப்டன், காலையில வரும்போது என் சட்டை வெள்ளையாத்தானே இருந்துச்சு?"

மீன் பிடிக்கப் படகை வாடகைக்கு எடுத்துப் பின்பக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த அமெரிக்கர் கேட்டார். கேப்டன் எவேலியோ திரும்பிப் பார்த்தார். வெள்ளையாகத்தான் இருந்தது. இப்போது சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்கரின் மூக்கைச் சுற்றியும் மை தீட்டியது போல் கறுப்பு.

படகின் பெயர் 'லா நோவியா'. மணப்பெண் என்று அர்த்தம். கேபோஸ் துறையில் சுருட்டுப் பிடிக்கிற மணப்பெண் அது ஒன்றுதான். அதன் இரண்டு டீசல் இன்ஜின்களும் விடுகிற புகையில் மயில்மீனுக்கே இருமல் வருகிறது என்று மற்ற கேப்டன்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்கர் ஒரு மீன்கூடப் பிடிக்காமல் கரையேறினார். டிசம்பர் சீசனுக்குப் பேசி வைத்திருந்த பயணத்தையும் ரத்து செய்தார்.

"இன்ஜினை மாத்துங்க. அப்புறம் வர்றேன்."

வீட்டில் மனைவி நிதியாவும் அதையே சொன்னாள். "மாத்திடுங்க. இல்லேன்னா டிசம்பர்ல நீங்களும் நானும் கடற்கரையில இளநீ வெட்டித்தான் விக்கணும்."

மாற்றலாம். எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல்.

நிதியாவின் தம்பி ஓல்மான் வெள்ளை நிற இன்ஜின் விற்கிறவன். எவேலியோவின் பெரியப்பா மகன் ரிகோ நீல நிற இன்ஜின் விற்கிறவர். இரண்டு பேருக்கும் கடை துறைமுகத் தெருவில்தான், எதிரும் புதிருமாக.

"அத்தான், நம்ம வெள்ளை இன்ஜின்ல சத்தமே வராது. ஓடுதா இல்லையான்னு கையை வச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றான் ஓல்மான்.

"தம்பி, இழுவைன்னா நீலம்தான். டீசலை மோந்து பாத்தே அரை நாள் ஓடும்" என்றார் ரிகோ.

எவேலியோ இருவரிடமும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்கவும் செய்தார். எடை, குதிரைத்திறன், மணிக்கு எவ்வளவு டீசல், உதிரிபாகம் கிடைக்குமா என்றெல்லாம் கேட்டுக் கேட்டு, கடைசியில் கேட்டதெல்லாம் மறந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை ஓல்மான் வீட்டில் விருந்து. எவேலியோவின் வாய் நிறையப் பொரித்த பன்றிக்கறி.

"நல்லா இருக்கு இல்ல, அத்தான்?"

எவேலியோ பலமாகத் தலையாட்டினார். கறியைச் சொல்கிறான் என்று நினைத்தார். ஓல்மான் இன்ஜினைச் சொல்லியிருந்தான். எழுந்து கட்டிப்பிடித்தான்.

விஷயம் கேள்விப்பட்டு, மறுநாள் காலை ரிகோ வாசலில் நின்றார்.

"ஒரு தட்டு கறிக்கு அண்ணனை வித்துட்டியே!"

"ஐயோ அண்ணே, இன்னும் எதுவும் முடிவாகலை. உங்க இன்ஜினும் நல்லாத்தான் இருக்கு."

ரிகோவுக்கு அது போதும். நேராக மதுக்கடைக்குப் போய், "லா நோவியாவுக்கு நம்ம இன்ஜின்தான்!" என்று எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் ஓல்மானும் இருந்தான்.

எவேலியோ மெக்கானிக் சிரிலோவிடம் ஓடினார். "சிரிலோ, படகுல ரெண்டு இன்ஜின் இருக்கே. இடது பக்கம் வெள்ளை, வலது பக்கம் நீலம் போட்டா என்ன?"

சிரிலோ ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நல்ல யோசனை. அது ஒரு பக்கம் இழுக்கும், இது ஒரு பக்கம் இழுக்கும். நடுவுல நீங்க அழலாம். வீட்டுல நடக்கிறது பத்தலையா?"

"அப்ப என்னதான் பண்றது?"

"போட்டி வைங்க. ரெண்டு பேருகிட்டயும் அவங்கவங்க இன்ஜினை மாட்டி ஓட்டிக் காட்டுற படகு ஆளுக்கொண்ணு இருக்குல்ல? வெளியில இருக்கிற பாறை வரைக்கும் ஓட்டிட்டு வரட்டும். ஜெயிச்சவன்கிட்ட வாங்குங்க. தோத்தவன் உங்களை என்ன சொல்ல முடியும்?"

சனிக்கிழமை துறை முழுக்கக் கூடிவிட்டது. எவேலியோ லா நோவியாவில் நின்று கொடியை ஆட்டினார். இரண்டு படகும் நுரையைக் கிளப்பிக்கொண்டு போயின. பாறையைச் சுற்றித் திரும்பின. ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. தொட்டியை அளந்து பார்த்தால் குடித்த டீசலும் ஒரே அளவு.

"ரெண்டும் சமம்" என்று அறிவித்தார் எவேலியோ. அதைவிட மோசமான தீர்ப்பை யாரும் சொல்லியிருக்க முடியாது.

"சமமா? இவர் படகுக்கு அடியில மெழுகு தேய்ச்சுட்டு வந்திருக்கார்!" என்று கத்தினான் ஓல்மான்.

"இவன் ஐஸ் பெட்டியைக் கரையில இறக்கி வச்சுட்டு ஓட்டினான்! நான் பாத்தேன்!"

பேச்சு கைக்கு வந்தது. இருவரும் துறைமேடையிலிருந்து தண்ணீருக்குள் போனார்கள். விலக்கிவிடப் போன எவேலியோவும் பின்னாலேயே போனார்.

ஈரம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தவர் மேல் நிதியா ஒரு துண்டை வீசிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலை தட்டில் ஒரு ஓரம் வெறும் சோறு, மறு ஓரம் வெறும் கறுப்பு பீன்ஸ். இரண்டையும் ஒன்றாகப் புரட்டி வதக்காமல் அந்த வீட்டில் காலைச் சாப்பாடு இருந்ததே இல்லை.

"என்ன நிதியா, தனித்தனியா இருக்கு?"

"நீங்களே சேத்து வைங்க. அதையாவது உங்களால முடியுதான்னு பாப்போம்."

சீசன் நெருங்கிவிட்டது. மச்சானும் முறைக்கிறான், அண்ணனும் முறைக்கிறார், மனைவியும் முறைக்கிறாள். சோற்றை அப்படியே வைத்துவிட்டு, இன்னொரு துறைமுக ஊரான புந்தாரெனாஸுக்குப் பஸ் ஏறினார். அங்கே முன்பின் தெரியாத ஒரு கடைக்காரர் பச்சை நிற இன்ஜின் விற்றுக்கொண்டிருந்தார்.

"குதிரைத்திறன் எவ்வளவுன்னா..." என்று ஆரம்பித்தார் கடைக்காரர்.

"அதெல்லாம் இருக்கட்டும். உங்களுக்குக் கேபோஸ்ல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லையே."

"அப்ப ரெண்டு குடுங்க."

விலை கொஞ்சம் கூடுதல்தான். நிம்மதிக்குக் கொடுக்கிற காசு என்று பேரம்கூடப் பேசவில்லை.

அவர் வந்த பஸ்ஸுக்கு முன்னால் செய்தி ஊருக்கு வந்துவிட்டது. துறையோரக் கடையில் ஓல்மானும் ரிகோவும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, எலுமிச்சையில் ஊறிய மீனை ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பச்சை இன்ஜினாம் அண்ணே!"

"பச்சைத் துரோகம்டா தம்பி!"

எவேலியோ தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். ஆனால் வீட்டில் நிதியா சிரித்துக்கொண்டே காபி கொடுத்தாள். "ரெண்டு பேரையும் ஒண்ணு சேத்துட்டீங்க. திட்டுறது உங்களைத்தான், இருந்தாலும் ஒத்துமையாத் திட்டுறாங்க."

எவேலியோவுக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குடும்பமும் பிழைத்தது, சீசனும் பிழைத்தது.

லாரி வந்த அன்று ஓல்மானும் ரிகோவும் கையைக் கட்டிக்கொண்டு குறை கண்டுபிடிக்க வந்து நின்றார்கள்.

"பாருங்க அண்ணே, இதை வச்சு மீன் பிடிக்கப் போறாராம்."

"மிதக்குதான்னு முதல்ல பாப்போம்."

பீப்பாய் போல இருந்த லாரி டிரைவர் விசிலடித்துக்கொண்டே தார்ப்பாயை இழுத்தார். உள்ளே இரண்டு இன்ஜின்கள், வெறும் சாம்பல் நிறத்தில், ஒரு எழுத்துகூட ஒட்டாமல் இருந்தன.

"பச்சை கலர்னு சொன்னாங்களே?" என்றார் எவேலியோ.

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"பச்சை பெயிண்ட் தீர்ந்துபோச்சு கேப்டன். எங்க குடோன்லேர்ந்து மூணு கலர் கடைக்கும் ஒரே இன்ஜின்தானே போகுது; வண்டியில வெள்ளை டப்பா இருக்கு, நீல டப்பா இருக்கு, எதை அடிக்கட்டும்?"