நோர்வே மாப்பிள்ளையும் லப்டொப்பின் காய்ச்சலும்

மாந்தை,
ஆவணி 2012.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் இரத்தினம் அவர்களுக்கு,

இவ்விடம் நானும், உங்கள் தங்கை இந்திராதேவியும், மகள் நிருஷாவும் திருக்கேதீஸ்வரநாதர் புண்ணியத்தில் சுகம். நோர்வேயில் நீங்களும் அவ்வாறே இருக்க அவரையே வேண்டுகிறேன். நீங்கள் அனுப்பிய லப்டொப்புக்கு மாத்திரம் சுகமில்லை. அதற்குக் காய்ச்சல்.

நீங்கள் அங்கே பார்த்துத் தந்த மாப்பிள்ளை நிதர்சன், ஸ்கைப்பில் பெண்ணோடு கதைத்துவிட்டு முடிவு சொல்வதாகத்தானே ஏற்பாடு. முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குச் சீலை உடுத்தி லப்டொப்புக்கு முன்னால் இருத்தினோம். தம்பி தன் வீட்டு ஹீற்றரைக் காட்டி, அது எத்தனை அறைக்குச் சூடு கொடுக்கும் என்று விளங்கப்படுத்தினார். அவர் சொல்லச் சொல்ல எங்கள் லப்டொப்பும் சுட்டது. உள்ளே இருக்கிற விசிறி, வயலில் தண்ணீர்ப் பம்ப் கத்துகிற மாதிரிக் கத்தியது. மாப்பிள்ளையின் தாயார் எட்டிப் பார்த்து, "பிள்ளைக்கு இஞ்ச வர விருப்பம்தானே?" என்று கேட்டா. நிருஷா வாயைத் திறக்கவும் லப்டொப் கண்ணை மூடவும் சரியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு நான் விடுவேனோ? மீன்கார சந்தியோகுவிடம் பெட்டி ஐஸ் வாங்கித் தட்டத்தில் பரப்பி, பொலித்தீன் விரித்து, அதன்மேல் லப்டொப்பை வைத்தேன். வீடு முழுக்க மீன் வெடில் நாற்றம். அயலில் உள்ள பூனையெல்லாம் கதிரையைச் சுற்றி வந்து இருந்துவிட்டன. மாப்பிள்ளையின் தாயார் அன்றைக்குத் திரையில் கண்டது நிருஷாவை அல்ல, ஒரு கடுவன் பூனையை! அதைத் துரத்திவிட்டு வர, அந்த மனிசி திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டா. திரும்பவும் லப்டொப் போய்விட்டது.

பஸ் ஏறி, உப்புக்குளத்தில் லப்டொப் திருத்துகிற ஜோன்சனிடம் கொண்டுபோனேன். கழற்றிப் பார்த்தவர் கேட்டார், "ஐயா, விசிறிக்குள்ள சீமெந்தே குழைச்சு வச்சிருக்கிறியள்?" பிறகு விரலால் தொட்டு மணந்து பார்த்தார். "நான் வேதக்காரன், சிலுவை போடுறவன், எனக்கே தெரியுது. இது திருநீறு!"

உங்கள் தங்கைதான். வெள்ளிக்கு வெள்ளி அதற்கு மூன்று குறி பூசிச் சாம்பிராணியும் காட்டியிருக்கிறா. கேட்டதற்கு, "அண்ணன் அனுப்பின சாமானுக்குக் கண்ணூறு படாமல் இருக்க வேண்டாமோ?" என்று என்னிலேயே பாய்ந்தா. ஜோன்சன் திருநீறைத் தட்டி எடுத்து, புரொசசரில் காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதுசு பூசித் தந்தார். கடையில் படம் ஓட விட்டுப் பார்த்தோம், பச்சைத் தண்ணி மாதிரிக் குளிர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து மூன்றாம் ஞாயிறு பார்த்தால், அதே கேள்வி, அதே சூடு, அதே இருட்டு! அடுத்த நாள் ஜோன்சனே வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

இப்போது அந்தத் தாயார் ரெலிபோன் எடுத்து, "விருப்பமில்லையெண்டால் நேர சொல்லலாமே, ஏன் ஒவ்வொரு முறையும் கட் பண்ணுறியள்?" என்று கேட்கிறா. மச்சான், இவ்வளவு நல்ல இடம் இந்தச் சனியன் பிடித்த பெட்டியால் தட்டிப்போகப் போகிறது. எனக்கு நித்திரையே இல்லை. ஆராவது ஊருக்கு வந்தால் புது லப்டொப் ஒன்று கட்டாயம் குடுத்துவிடுங்கோ. அதுவரைக்கும் மாப்பிள்ளை வீட்டாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ.

மச்சாளுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும். குளிருக்குள் காதை மூடித் திரியுங்கோ.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
சீவரத்தினம்

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டு லப்டொப்பை அலுமாரியில் வைக்கத் தூக்கினேன். காற்று போகிற ஓட்டைக்குள் றோஸ் நிறத் துணி இறுக்கி அடைந்திருந்தது. நிருஷாவின் சீலைச் சட்டை தைத்து மிஞ்சிய துண்டு. கூப்பிட்டுக் கேட்டேன். பிள்ளை ஒளிக்கவில்லை.

"ஓம் அப்பா, நான்தான். முதல் ரெண்டு தரமும் அம்மான்ர திருநீறு என்னைக் காப்பாத்தினது. அதையும் துடைச்சுப்போட்டியள், நான் வேற என்ன செய்யிறது? ஜோன்சன் வந்து பாக்கேக்க துணியை எடுத்து ஒளிச்சுப்போட்டு, வாற ஞாயிறுக்கெண்டு திரும்ப அடைஞ்சு வச்சனான். மண்டபம் அகதி முகாமில பிறந்து வளர்ந்து, இப்பதானே எங்கட வீடு எண்டு ஒண்டுக்கு வந்தனான். அதுக்குள்ள இன்னொரு நாட்டுக்கு அனுப்பப் பாக்கிறியள். உங்கட முகத்தைப் பாத்து மாட்டன் எண்டு சொல்ல ஏலாமல் கிடந்தது."

ஏச வாய் எடுத்தவன் அழுதுவிட்டேன், மச்சான்.

புது லப்டொப் வேண்டாம். பிள்ளைக்கு விருப்பமில்லை என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதையாகச் சொல்லிவிடுங்கோ. உங்கள் தங்கைக்கு நான் மெல்லமாகச் சொல்லுகிறேன். அவ இப்போது, வருகிற ஞாயிறாவது சரிவர வேண்டும் என்று லப்டொப்புக்குத் திருநீறு பூசிக்கொண்டிருக்கிறா. நான் தடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அள்ளிப் பூசச் சொன்னேன்.