தேன்மொழி சுருட்டிய பாய்

இனிமேல் எங்கள் வீட்டுக் குழம்பில் கொதிக்கும் மீன், என் கையால் குத்தப்பட்ட மீனாகத்தான் இருக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அறிவித்தேன்.

எங்கள் ரெங்கம் வட்டாரத்தில் எந்தக் கணவனும் இப்படி அறிவித்திருக்க மாட்டான். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. கடல் என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் காரில் பெட்ரோல் இருக்க வேண்டும். எங்கள் ஊர் மீன்களில் பாதி டின்னுக்குள் குடியிருப்பவை.

என் மனைவி தேன்மொழி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“முதல்ல தட்டுல இருக்கிற மீன முள்ளு குத்தாம சாப்பிடுங்க. அப்புறம் கடல்ல இருக்கிறத நீங்க குத்தலாம்.”

தேன்மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பேரில் இருக்கும் தேனை யாரும் பேச்சில் தேடக் கூடாது. குளுவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவள் பாதுகாப்பு அதிகாரி. ஏணியில் ஏறுகிறவன் ஏன் ஏறுகிறான், எப்படி இறங்குவான், விழுந்தால் எந்தப் பக்கம் விழுவான் என்றெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைப்பது அவள் உத்தியோகம். அந்தப் புத்தி வேலை முடிந்ததும் தொழிற்சாலையிலேயே தங்கிவிடாது, அவளோடு வீட்டுக்கு வரும். வீட்டில் ஏணி கிடையாது. நான் இருக்கிறேன்.

நான் ரூபேந்திரன். லாரி உதிரிபாகக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுப்பவன். எனக்கு இந்த வீர எண்ணத்தை ஊட்டியவன் பக்கத்து வீட்டு கேப்ரியல். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அங்கே யாரோ ஒரு நண்பன் ஒரு ஈட்டித் துப்பாக்கியை இவனிடம் கொடுத்து வைத்திருந்தான். முழங்கையைவிட நீளமான குழல். ரப்பர் பட்டையை இழுத்துக் கொக்கியில் மாட்டி விசையை அமுக்கினால், கூர்மையான ஈட்டி ‘விர்’ரென்று பாயும். அதைக் கையில் வாங்கியதும் எனக்கு மீசை சற்று அடர்த்தியானது போல் தோன்றியது.

“மச்சான், இது ரொம்ப சுளுவான வேல லா,” என்றான் கேப்ரியல், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “மூஞ்சிக்கு கண்ணாடி, வாய்க்கு குழாய். தண்ணியில குப்புற படுத்துக்க வேண்டியது. கீழ கெராப்பு மீன் வரும். அமுக்கினா நேரா சட்டிதான்.”

“எனக்கு நீச்சல் அவ்வளவா வராதேடா.”

“மிதக்கத் தெரியுமா?”

“வயிறு இருக்கு.”

“அது போதும்.”

வீட்டுக்குப் பின்னால் வாழைமரத்தை மீனாகப் பாவித்துப் பயிற்சி எடுத்தேன். வாழைமரம் அசையவில்லை. அப்படியும் ஈட்டி அதைச் சுற்றிக்கொண்டு போய், துணி அலசும் சிவப்பு பேசினைத் துளைத்தது. அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். சாயங்காலம் தேன்மொழி அதை நிமிர்த்தினாள்.

“என்னங்க, பேசின்ல ஓட்ட?”

“எலி கடிச்சிருக்கும்.”

“ரெண்டு பக்கமும் நேர் கோட்டுலயா? ஸ்கேல் வச்சு கடிச்ச எலி போல.”

அத்தோடு விட்டுவிட்டாள். அவள் ஒரு விஷயத்தை அத்தோடு விட்டால் நான் பயந்திருக்க வேண்டும். நான் மகிழ்ச்சியடைந்தேன்.

திட்டம் தயாரானது. நானும் கேப்ரியலும் கடலோர மெர்சிங்கில் படகு பிடித்து, ஒரு தீவுப் பக்கம் போய், கமுக்கமாக வேலையை முடித்துத் திரும்புவது. தேன்மொழியிடம் சும்மா மிதந்து பவளம் பார்க்கப் போவதாகச் சொல்வது. சொன்னேன். தடை வரும், வாதாடலாம் என்று பதில்களெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

“அப்படியா? நானும் வரேன்,” என்றாள்.

மனப்பாடம் செய்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று தேடினேன்.

“ஆம்பளைங்க போற இடத்துல…”

“கடல்ல ஆம்பள தண்ணி, பொம்பள தண்ணின்னு தனித்தனியா இருக்கா? மணல்ல உக்கார பெரிய பாய் எடுத்துக்கலாம். நீங்களே சுருட்டி வச்சிடுங்க.”

அலமாக்! தேடிப்போன ஒளிவிடம் தானாக வந்து மடியில் விழுந்தது. துப்பாக்கியை நடுவில் வைத்துப் பாயைச் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, காரின் பின்பக்கத்தில் படுக்க வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன். என்னை வேறு யாரும் மெச்சுகிற வழக்கம் வீட்டில் இல்லை.

காலையில் கேப்ரியலிடமிருந்து செய்தி வந்தது. ‘வயித்து வலி மச்சான். நீ போ.’ இவனுடைய வயிறு கல்லைக்கூடச் செரிக்கும். ஆனால் வீரன் தனியாகத்தான் போவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

மெர்சிங் படகுத்துறையில் பாயைத் தோளில் தூக்கினேன். கனம் குறைந்த மாதிரி இருந்தது. பயிற்சியால் எனக்குப் பலம் கூடிவிட்டது என்று நினைத்தேன்.

படகுக்காரர் பாக் சமாட் எங்களுக்கு மிதவைச் சட்டைகளைக் கொடுத்தார். தேன்மொழி நேராகப் போய் அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்றாள். பலகையைக் கண்டால் அவளுக்கு நகைக்கடையைக் கண்ட மாதிரி.

“என்னங்க, இங்க வாங்க. இந்தத் தீவச் சுத்தி இருக்கிற கடல் எல்லாம் கடல் பூங்காவாம். மீன் பிடிக்கக் கூடாது. தூண்டில்கூட போடக் கூடாது.”

“ம்.”

“பவளத்த மிதிக்கக் கூடாது, ஒடைக்கக் கூடாது. சிப்பி பொறுக்கக் கூடாது.”

“ம்.”

அவள் பாக் சமாட் பக்கம் திரும்பி மலாயில் கேட்டாள். “பாக்சிக், யாராவது ஈட்டித் துப்பாக்கி கொண்டு வந்தா?”

பாக் சமாட் உதட்டைப் பிதுக்கினார். “சுடக்கூட வேண்டாம் புவான். பூங்கா தண்ணிக்குள்ள அத கையில வச்சிருந்தாலே குற்றம். அபராதம், ஜெயில். என் படகுக்கும் ஆபத்து. எனக்கு இருக்கிறது இந்த ஒரு படகுதான்.”

எனக்கு முதுகில் வியர்வை ஓடியது. ஜெயிலை நினைத்தல்ல என்று சொன்னால் பொய். ஆனால் அந்த மனிதர் ஒற்றைப் படகைத் தடவிக்கொண்டே சொன்னது உள்ளே எங்கேயோ குத்தியது.

“தேனு, பாய கார்லயே வச்சிட்டு வந்திடறேன்.”

“பாய் இல்லாம எங்க உக்கார்றது? தூக்குங்க.”

“ஈரமாயிடும்.”

“கடற்கரைக்கு போற பாய் ஈரமாகாம என்ன பண்ணும்? வெக்கமா படும்?”

தூக்கினேன். படகு கிளம்பியது. பாயை மடியில் வைத்துக்கொண்டு, பச்சைப் பிள்ளையைக் காப்பதுபோல் கட்டிப்பிடித்திருந்தேன். நழுவ விடலாமா என்று ஒருமுறை விளிம்போரம் சாய்த்தேன். “கடல்ல குப்பை போடறதும் தப்புங்க” என்றாள் தேன்மொழி, தொடுவானத்தைப் பார்த்தபடி.

தீவின் நிழல் தெரிந்தபோது ஒரு ரோந்துப் படகு எங்களை நெருங்கி வந்தது. அதில் நின்ற பூங்கா அதிகாரி அஸ்மி சிரித்த முகத்தோடு சலாம் சொன்னார். பைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த வெயிலில் நடுங்குகிற ஒரே ஆள் நான்தான்.

“பாயில என்ன, என்சிக்?”

தேன்மொழி வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் எனக்குள் இருந்த ஏதோ ஒன்று உடைந்துவிட்டது. நான் எழுந்து நின்றேன். படகு ஆடியது. நானும் ஆடினேன்.

“துவான், இவளுக்கு ஒண்ணும் தெரியாது. பாக் சமாட்டுக்கும் தெரியாது. படக விட்டுடுங்க. உள்ள ஈட்டித் துப்பாக்கி இருக்கு. நான்தான் வச்சேன். என்னைக் கொண்டு போங்க!”

இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினேன். பாக் சமாட்டின் வாய் திறந்தபடி நின்றது. அஸ்மி முகத்திலிருந்த சிரிப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். பாய் விரிந்தது.

உள்ளேயிருந்து ஒட்டடைக் கம்பு உருண்டு வந்தது.

எங்கள் வீட்டு ஒட்டடைக் கம்புதான். நுனியில் போன தீபாவளியின் ஒட்டடை இன்னும் இருந்தது.

அஸ்மி அதைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். “இத வச்சு மீன் பிடிக்கிறது ரொம்ப கஷ்டம், என்சிக்,” என்றார். பிறகு ரோந்துப் படகு முழுவதும் சிரித்தது. பாக் சமாட் சுக்கானைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நேத்தே எடுத்துட்டேன்,” என்றாள் தேன்மொழி, தமிழில், எனக்கு மட்டும். “பக்கத்து வீட்டு ஸ்டெஃபனி கையில கொடுத்துட்டேன். அவ புருஷனுக்கு இன்னைக்கு வயித்து வலி வந்தது அதனாலதான்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. செஞ்சு காட்டினாதான் ஆளுங்களுக்குப் புரியும். தொழிற்சாலையில தினமும் பாக்கறேன்.” குரல் இறங்கியது. “ஆனா பழிய நீங்களே ஏத்துக்குவீங்கன்னு நான் நினைக்கல.”

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னைப் பற்றி நினைக்காத ஒன்றை நான் செய்தது அதுதான் முதல் தடவை. அவமானத்தின் நடுவிலும் எனக்குக் கொஞ்சம் இனித்தது.

தீவின் ஓரத்தில் கண்ணாடியும் குழாயும் மாட்டித் தண்ணீரில் குப்புற விழுந்தேன். கேப்ரியல் சொன்னது சரி. வயிறு போதும். ஆனால் கீழே இருந்ததைப் பற்றி அவன் ஒன்றுமே சொல்லவில்லை. பவளங்கள் மஞ்சளாகவும் ஊதாவாகவும் பூத்துக் கிடந்தன. கிளி நிற மீன்கள் பவளத்தைக் கொறிக்கும் ‘நறுக் நறுக்’ சத்தம் காதில் விழுந்தது. சின்ன மீன்கள் கூட்டமாக வந்து என் வயிற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, புதிய தீவு என்று எண்ணியதோ என்னவோ, அதன் நிழலில் தங்கின. குத்த வேண்டும் என்று இங்கே யாருக்காவது தோன்றுமா என்று நினைத்தேன். நேற்றுவரை எனக்குத் தோன்றியதை வசதியாக மறந்தேன்.

பக்கத்தில் தேன்மொழி மிதக்கவில்லை. நீந்தினாள். துடுப்பில்லாத படகு வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி. வேலையிடத்தில் நீர்மீட்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள் என்று எப்போதோ சொல்லியிருந்தாள். நான் அப்போது பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டென்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். கீழே ஒரு பாறையில் கிழிந்த பழைய வலை சிக்கிக் கிடந்தது. அதற்குள் ஒரு கெராப்பு. பெரியது. நான் கனவில் குழம்பு வைத்த அதே அளவு. செவுளில் கயிறு இறுகி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதன் கண் என்னைப் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது.

தேன்மொழி மேலே வந்து படகைக் கூப்பிட்டாள். பாக் சமாட் ரோந்துப் படகுக்குக் கையசைத்தார். அஸ்மி ஒரு கத்தியோடு தண்ணீரில் குதித்தார்.

“பாறைக்கு அந்தப் பக்கம் வலை இறுகுது. யாராவது மேலேருந்து இழுத்துப் பிடிக்கணும்,” என்றார்.

“இவர் பிடிப்பார்,” என்றாள் தேன்மொழி.

இவர் பிடித்தார். அலை என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. உப்புத் தண்ணீர் குழாய் வழியாக வயிற்றுக்குப் போனது. கை எரிந்தது. விட்டுவிடலாமா என்று இருந்தது. கீழே பார்த்தேன். என் மனைவி மிதவைச் சட்டையைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி, ஒரு பவளத்தையும் தொடாமல் தலைகீழாக மிதந்தபடி, வலையின் கண்ணிகளை ஒவ்வொன்றாக விலக்கிக் கொடுத்தாள். அஸ்மி அறுத்தார். அவள் மேலே வந்து மூச்சு வாங்கினாள். மறுபடி மூழ்கினாள். மறுபடி வந்தாள். ஒரு தடவை வர நேரமானது. அலைகளை எண்ணினேன். வந்தாள். நான் வலையை விடவில்லை. அந்தப் பெண்ணின் புருஷன் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அன்றைக்கு விடக் கூடாது என்று தோன்றியது.

கடைசிக் கயிறு அறுந்தது. கெராப்பு ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு வாலை ஒரு அடி அடித்து, என் முகக் கண்ணாடியை உரசிக்கொண்டு போய், நீலத்துக்குள் மறைந்தது. நான் தண்ணீருக்குள்ளேயே கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கும் தெரியாது. மீனுக்கும் தெரிந்திருக்காது.

படகில் ஏறியதும் தேன்மொழி ஒரு துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினாள். “நல்லா பிடிச்சீங்க,” என்றாள். அவ்வளவுதான். ஆனால் அதை நான் மெர்சிங் வந்து சேரும்வரை மனசுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

கரையில் அஸ்மி எங்களைத் தேடி வந்தார். கடலுக்கடியில் கிடக்கும் வலைகளையும் குப்பையையும் அகற்ற மாதாமாதம் தொண்டர்கள் போகிறார்களாம். இப்படிப்பட்ட ஆட்கள் கிடைப்பது அபூர்வமாம். அவர் கண்கள் ஈரமாக இருந்தன, அல்லது கடல் தண்ணீர்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “எழுதிக்கங்க துவான்! ரூபேந்திரன். எந்த மாசம் வேணும்னாலும் கூப்பிடுங்க. கடல்னா எனக்கு உயிர்.”

அடுத்த மாதம் எங்கள் இருவருக்கும் தொண்டர் சட்டைகள் தபாலில் வந்தன. கேப்ரியலைக் கூப்பிட்டு, வேலியோரம் நிறுத்தி, அவன் கண்முன்னாலேயே பொட்டலத்தைப் பிரித்தேன்.

தேன்மொழியின் சட்டை முதுகில் ‘குழுத் தலைவர்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. என் சட்டையில் ஒரு எழுத்தும் இல்லை, குப்பைப் பை மாட்ட ஒரு கொக்கி மட்டும் இருந்தது.