அந்தரத்தில் நின்ற ஐம்பத்தொரு கிலோ

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்காவும் இங்கே சௌக்கியம். உங்கள் வீட்டில் எல்லோரும் எங்களைவிட ஒரு படி கூடுதல் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். எங்களை மலை ரிசார்ட்டுக்கு அனுப்பி வைத்ததற்கு முதலில் நன்றி. அறைக்கு நன்றி, ஜன்னலுக்கு நன்றி, ஜன்னலைத் திறந்ததும் கேட்காமல் உள்ளே வந்த மேகத்துக்கும் நன்றி. பள்ளத்தாக்குக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கிக்கொண்டு பறக்கும் அந்த ஜிப்லைனுக்கும் நன்றிதான். ஆனால் அதைப் பற்றி உங்கள் அக்கா ஃபோனில் சொன்னதை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். நடந்தது இதுதான்.

என் வயிற்று ஆபரேஷன் முடிந்ததிலிருந்து உங்கள் அக்கா என்னைக் கண்ணாடி டம்ளர் மாதிரிதான் கையாள்கிறாள். மாடிப்படி கூடாது, குனியக் கூடாது, பலமாகத் தும்மக்கூட அனுமதி வாங்க வேண்டும். அது போகட்டும், ஆபரேஷன் அன்று ஷட்டரை இறக்கிய தன் தையல் கடையை மலைக்குக் கிளம்பும்வரை அவள் திறக்கவே இல்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீங்க தேறுங்க, அப்புறம் பாக்கலாம்" என்பாள். தேறிவிட்டேன் என்றால் காதில் போட்டுக்கொள்வதில்லை. இத்தனைக்கும் மாதாமாதம் வீட்டு எடைக் கருவியில் ஏற்றிவிடுவதே அவள்தான். தலைசுற்றி விழுந்துவிடுவேனோ என்று ஒட்டினாற்போல் பின்னால் நின்றுகொள்வாள். முள்ளும் மாதாமாதம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, கடைசியாக ஐம்பத்தொன்று. ஆகவே அந்தக் கம்பியில் நான் தனியாக, ஒரு முழு மனிதனாகப் பறந்து காட்டினால் கடை திறந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவர்கள் தனியாகப் போனால் நடுவழியில் நின்றுவிடுவார்களாம், அதனால் இன்னொருவரோடு சேர்த்துக் கட்டித்தான் அனுப்புவார்களாம். பெல்ட் மாட்டும் ஊழியர் என்னை அவர்களுடைய கருவியில் ஏற்றினார். நாற்பத்தாறு! முப்பது வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவனையும் தட்டின்மேல் கட்டைவிரல் வைத்தவனையும் கையும் களவுமாகப் பிடித்த என்னிடமா? "இதுக்கு முத்திரை போட்டு எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டேன். "போன வாரம்தான் புதுசா வாங்கினோம் சார்" என்றார். புதுக் கருவிதான் துணிந்து பொய் சொல்லும். "பேசாம மேடமோட சேந்து போங்க சார்" என்று யோசனை வேறு. உங்கள் அக்காவோடு பொட்டலமாகக் கட்டப்பட்டுப் போனால் கடை எப்படித் திறக்கும்?

கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நடைபாதை ஓரம் அழகுக்குப் போட்டிருந்த கூழாங்கற்களைக் கோட்டுப் பையிலும் பேன்ட் பையிலும் நிரப்பிக்கொண்டேன். இதை மோசடி என்று நீங்கள் நினைக்கக் கூடாது. கருவியில் இருந்த பிழையைத் திருத்தினேன், அவ்வளவுதான். மறுபடி ஏறினேன். ஐம்பதரை. கழிவறைக்குப் போய்வந்து எடை கூடிய ஆளை அந்த ஊழியர் அதற்குமுன் பார்த்ததில்லை போலும். "தண்ணி குடிச்சேன்" என்றேன்.

"நான் முன்னாடி போறேன், அங்க உங்களைப் பிடிக்க ஆள் வேணும்ல" என்று உங்கள் அக்கா கிளம்பினாள். சர்ரென்று போய்ச் சேர்ந்தும்விட்டாள். அடுத்து நான். கொஞ்ச நேரம் அந்தப் பள்ளத்தாக்கே என் சொந்தச் சொத்தாக இருந்தது. பிறகு உடம்பு மல்லாந்ததும் கோட்டுப் பைகள் கவிழ்ந்து, கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே மரங்களுக்குள் விழத் தொடங்க, பறவைகள் திட்டிக்கொண்டே எழும்ப, எதிர்க்காற்று வேறு சேர்ந்துகொள்ள, வேகம் குறைந்து குறைந்து அந்தரத்தில் நின்றேவிட்டேன். அதுவும் போதாதென்று பின்பக்கமாகக் கொஞ்சம் நழுவினேன்.

எதிர்மேடையிலிருந்து உங்கள் அக்கா கூப்பிட்டாள். "என்னங்க! உங்க மேலேருந்து என்னமோ விழுதே!"

"பட்டன்!" என்று கத்தினேன்.

"நான் தைச்ச கோட்டுல பட்டன் விழாது!"

மலை முழுக்கக் கேட்டிருக்கும். ஊழியர் ஒருவர் கம்பியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து வந்து என்னை இழுத்துப் போனார். "வயித்தைப் பாத்துப்பா, வயித்தைப் பாத்து!" என்று அங்கிருந்தே உத்தரவு. மேடை ஏறியதும் என் பேன்ட் பைக்குள் கையை விட்டு, விழாமல் தங்கிய ஒரு கல்லை எடுத்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. "அப்படி என்னங்க அவசரம் உங்களுக்கு?" என்றாள். "கடையைத் திற" என்றேன்.

திரும்பி வர இன்னொரு கம்பி. இந்தத் தடவை மறுபேச்சில்லாமல் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினார்கள். நடுப் பள்ளத்தாக்கில் என் காதுக்குப் பின்னால் உங்கள் அக்கா சத்தம்போட்டுச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை மைத்துனரே. இறங்கியதும், "திறக்கிறேன். ஆனா தினமும் நீங்க அங்க வந்து என் கண்ணெதிர்ல உக்காரணும்" என்றாள். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இதற்கெல்லாம் உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்!

இப்போது கடையில், தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில்தான் எழுதுகிறேன். ரிசார்ட் கருவியின் பொய்யைப் பற்றி மேலாளருக்கு ஒரு காட்டமான புகாரும் எழுதி முடித்துவிட்டேன். உங்கள் மனைவிக்கு எங்கள் அன்பு. குழந்தைகள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த எடையோடும் இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
நன்றியிலும் எடையிலும் குறைவில்லாத
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில், இந்த மாத எடை பார்க்க வேண்டுமென்று உங்கள் அக்கா வீட்டுக் கருவியைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டாள். துணி போட்டுப் பார்க்கும் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் ஏறி நின்றேன். வழக்கம்போல் அவள் பின்னால் நின்றாள். ஐம்பத்தொன்றரை. நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடியில், என் குதிகாலுக்குப் பக்கத்தில் கருவியின் விளிம்பை அழுத்திக்கொண்டு உங்கள் அக்காவின் கால் கட்டைவிரல். வீட்டில் கண்ணாடி இல்லாத மூலையில்தான் கருவியை வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் மனசு விட்டுவிடக் கூடாதென்று எத்தனை மாதமாக இப்படி அழுத்திக்கொண்டிருக்கிறாளோ!

ரிசார்ட் கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. மேலாளருக்கு எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மேலே என் எடையைப் பற்றி நான் எழுதியிருப்பதை எல்லாம் நீங்களும் அடித்துவிட்டுப் படியுங்கள். அக்காவிடம் மட்டும் மூச்சு விட வேண்டாம்.

"பாத்தீங்களா, அரைக் கிலோ ஏறிட்டீங்க" என்றாள். "ஆமா, ஏறிட்டேன்" என்றேன். மதியச் சாப்பாட்டில் அவள் சொல்வதற்கு முன்பே, இன்னொரு தடவை சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினேன்.