கதவைத் திறந்துகொண்டு வந்த சாட்சி

தேனி

அன்புத் தம்பி இனியனுக்கு, அக்கா ஜோதிலட்சுமி எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம், என் வக்கீல் தொழில் ஒன்றைத் தவிர. சென்னையில் நீயும் உன் சினிமாவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கென்ன!

நீ வசனம் எழுதிய கோர்ட் படத்தை டி.வி.யில் போட்டாலும் போட்டார்கள், இங்கே என் மானம் போகிறது. உன் வக்கீலம்மா முடியை விரித்துப் போட்டுக்கொண்டு கோர்ட் முழுக்க நடக்கிறாள். எங்க கோர்ட்டுல நாலு எட்டு வச்சா பீரோ முட்டும்டா! மேசையில ஓங்கிக் குத்துறா, ஜட்ஜ் அவ வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. கூடப் பிறந்தவ ஒருத்தி கருப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு அலையுறாளே, ஒரு போன் போட்டுக் கேட்டா கொறஞ்சா போயிருவ?

கடமலைக்குண்டு கருத்தம்மாள் என் கட்சிக்காரி. அவுக தென்னந்தோப்புக்குப் போற வண்டிப்பாதையைக் கொழுந்தன் ஈஸ்வரபாண்டி முள்வேலி போட்டு அடைச்சுட்டான். வெட்டின தேங்காயை வெளிய கொண்டுவர வழியில்லாம அந்தம்மா தவிக்கிறாக. சாட்சி யாராச்சும் இருக்காகளான்னு கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை வத்திருச்சு. இல்லவே இல்லைன்னாக. நானும் நம்பி, எங்க தரப்புல சாட்சி முடிஞ்சதுன்னு கோர்ட்டுல சொல்லிட்டேன். நேத்து ஈஸ்வரபாண்டியைக் கூண்டுல நிறுத்திக் குறுக்கு விசாரணை பண்ணிக்கிட்டிருக்கேன், படார்னு கதவைத் திறந்துக்கிட்டு "நிறுத்துங்க!"ன்னு ஒரு ஆளு. அவரு பேரு முத்துப்பாண்டியாம். பாதை போட்டப்ப மண்ணடிச்ச டிராக்டர்காரர்னு கருத்தம்மாள் எந்திரிச்சுக் கூவுறாக. காலையிலருந்து அவரை டீக்கடையில ஒளிச்சு வச்சிருக்காக! ஏன்னு கேட்டா, "படத்துல சாட்சி கடைசியிலதான ஆத்தா வருவாக? முன்னாடியே சொன்னா உன் மூஞ்சி காட்டிக் குடுத்துராதா?"ங்குறாக. ஜட்ஜ் அந்த ஆளை வெளிய அனுப்பிட்டு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. எத்தனை வருசமாத் தொழில் பண்றீங்கன்னு கேட்டாருடா, அத்தனை வக்கீலும் பாக்க! எனக்கு அழுகையே வந்துருச்சு.

கேஸ் போச்சு, எல்லாம் உன்னாலதான். அந்தச் சீனைத் தூக்கச் சொல்லு. இல்லைன்னா வீரபாண்டிக் கோயில் திருவிழாவுக்கு இங்கன எட்டிப் பாக்காத.

கௌமாரியம்மன் உனக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும்; கூடக் கொஞ்சம் புத்தியையும்.

உன் அக்கா,
ஜோதிலட்சுமி

பி.கு.: கவரை ஒட்டுறதுக்குள்ள ஈஸ்வரபாண்டியே வாசல்ல வந்து நிக்கிறான். அவனும் உன் படத்தைப் பாத்திருக்கான். முத்துப்பாண்டி உள்ள வந்ததுமே எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சுட்டானாம். வேலியைப் பிரிச்சுட்டேன், சமாதானமாப் போயிருவோம்ங்குறான். முத்துப்பாண்டிக்கு நன்றி சொல்லலாம்னு போன் போட்டா, அவரு குச்சனூருல பூக்கடை வச்சிருக்காராம். டிராக்டரே ஓட்டத் தெரியாதாம்! கருத்தம்மாளைப் பிடிச்சு, அந்த ஆளு கூண்டுல ஏறியிருந்தா என்னத்தச் சொல்லியிருப்பாருன்னு கத்தினேன். "உன் தம்பி படத்துலயும் அந்தச் சாட்சி உள்ள வந்ததோட சரி, வேற என்ன பேசினான் ஆத்தா?"ங்குறாக.